நடுத்திடலும் தலையாட்டிய ஓணானும்

ஒரு காட்டின் நடுவே ஒரு திடல் இருந்தது. திடலில் ஒரு குட்டை, கரையில் ஒரு நாவல் மரம், மேற்கே நீளமாக ஒரு முள்வேலி. யாரும் போட்ட வேலி இல்லை, தானாக வளர்ந்த காரைப் புதர்கள்தான். காட்டிலுள்ள அத்தனை விலங்குகளும் தண்ணீர் குடிக்கவும் ஊர்க்கதை பேசவும் அங்கேதான் வரும்.

அந்தத் திடலைப் புதுப்பிக்கும் பொறுப்பை அரசன் புலி நரியிடம் கொடுத்திருந்தது. நரி முதலில் போட்ட திட்டத்தில் நாவல் மரத்தை வெட்டுவதாக இருந்தது. குரங்குகள் சும்மா விடுமா? கூச்சல் போட்டுக் காட்டையே இரண்டாக்கிவிட்டன.

புலி நரியைக் கூப்பிட்டது. "திட்டத்தைத் திருத்து! திருத்தினதை எல்லாருக்கும் காட்டு. சம்மதம் கேக்காம ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது!"

"உத்தரவு மகாராஜா!" என்றது நரி.

நரி திட்டத்தைத் திருத்தியது. மரம் தப்பியது. அதற்குப் பதிலாக முள்வேலி போக வேண்டும் என்று ஆனது. திடல் விசாலமாகும், காற்று வரும், பார்க்க அழகாக இருக்கும் என்றெல்லாம் நரி காரணம் வைத்திருந்தது. வெளியே சொல்லாத காரணம் வேறு. முயல்களும் கௌதாரிகளும் அந்த முள்ளுக்குள்தான் குடியிருந்தன. எத்தனையோ தடவை அவற்றைத் துரத்திப் போய், மூக்கில் முள் குத்தி, வெறும் வயிற்றோடு திரும்பியிருந்தது நரி. வேலி போய்விட்டால் சாப்பாடு வாசலிலேயே கிடைக்கும்!

அந்தக் காட்டில் கருத்துக் கேட்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. திட்டத்தை ஈர மணலில் கீறிக் காட்ட வேண்டும். அந்தந்த இடத்தில் குடியிருப்பவர்கள் சார்பில் ஒருவர் முன்னால் வர வேண்டும். சம்மதம் என்றால் தலையை ஆட்ட வேண்டும். இல்லையென்றால் அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

வேலிக்காரர்கள் சார்பில் யாரைக் கூப்பிடுவது? முயலைக் கூப்பிட்டால் காரியம் கெட்டது. கௌதாரியோ கத்தியே ஊரைக் கூட்டிவிடும். நரி யோசித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தது. வேலியின் உச்சியில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்காமலே அது தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தலைவரே!" என்றது நரி.

ஓணானை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதன் கழுத்து சிவந்துவிட்டது.

"நாளைக்கு உச்சி வெயில்ல கூட்டம். வேலிக்காரங்க சார்பா நீங்கதான் வரணும். உங்களுக்குன்னு ஒரு கல்லு போட்டு வெச்சிருக்கேன். உசந்த கல்லு!"

உச்சி வெயிலில் முயலும் கௌதாரியும் புதரைவிட்டு வெளியே வராது. நரிக்கா அது தெரியாது?

ஓணானின் மனைவி அன்றுதான் வேலியின் அடியில் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணால் மூடியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்குச் சந்தேகம் வந்தது.

"ஏங்க, நரி வீடு தேடி வந்து கூப்பிடுதுன்னா சும்மா இருக்காது. என்ன ஏதுன்னு கேட்டுட்டு அப்புறம் தலையாட்டுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று ஓணான் தலையை ஆட்டியது.

மறுநாள் கூட்டம் கூடியது. ஓணான் உயர்ந்த கல்லில் ஏறி உட்கார்ந்தது. அங்கிருந்து பார்த்தால் யானையின் முழங்கால் கண்ணுக்கு நேராக இருந்தது. அதிலேயே ஓணானுக்குத் தலைகால் புரியவில்லை! நரி வாலால் மணலில் கோடு இழுத்துக் காட்டியது. ஓணான் மணலைப் பார்க்கவேயில்லை. தன்னை யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"மரம் இருக்கும். குட்டை இருக்கும். மேற்குப் பக்கம் கொஞ்சம் சுத்தம் பண்றோம்," என்றது நரி.

"சுத்தம்னா? வேலி என்ன ஆகும்?" என்று கேட்டது ஓர் அணில்.

"வேலிக்காரரே கல்லு மேல உக்காந்திருக்காரு, உனக்கென்ன கவலை? வேலிக்கு ஓணான் சாட்சின்னு சும்மாவா சொன்னாங்க! தலைவரே, உங்களுக்குச் சம்மதந்தானே?"

எல்லார் கண்ணும் ஓணான்மேல் திரும்பியது. ஓணான் தலையை ஆட்டியது. ஒரு தடவை போதாதென்று மறுபடியும் மறுபடியும் ஆட்டியது. குரங்குகளுக்கு மரம் தப்பியதே போதும். கைதட்டிவிட்டுப் போய்விட்டன.

அடுத்த நாள் காலையிலேயே காட்டுப்பன்றி வேலைக்கு வந்துவிட்டது. மூக்கால் கிளறிப் புதரை வேரோடு சாய்ப்பதில் அதற்கு ஈடு கிடையாது. ஒரு புதர் சாய்ந்தது. அடுத்த புதரும் சாய்ந்தது. முயல்கள் நாலா பக்கமும் சிதறி ஓடின.

"அய்யய்யோ, என்ன பண்றே?" என்று அலறியது ஓணான்.

"திருத்தின திட்டந்தான் தலைவரே. வேலி பூரா எடுக்கணும். நேத்து நீங்கதானே தலையாட்டினீங்க?"

வேலியின் அடியில்தானே முட்டைகள்! மனைவியின் முகத்தைப் பார்க்கவே ஓணானுக்குக் கூசியது.

மனைவி நேராகப் போய் முட்டைக் குழியின்மேல் படுத்துக்கொண்டது.

"தள்ளிக்கம்மா, வேலை நடக்கணும். உன் வீட்டுக்காரர்தான் சம்மதிச்சாச்சே," என்றது பன்றி.

"தலை அவரோடது, ஆட்டிட்டாரு. முட்டை என்னோடது. மிதிச்சிட்டுப் போறதுன்னா போ!"

பன்றிக்கும் வீட்டில் குட்டிகள் உண்டு. அது மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு நின்றது. "சரி, நான் குட்டையில ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன். அதுக்குள்ள உங்க பஞ்சாயத்தைப் பேசி முடிங்க."

ஓணான் எடுத்த ஓட்டம் புலியின் குகை வாசலில்தான் நின்றது. விஷயத்தைக் கேட்ட புலி, நரியைக் கூப்பிட்டனுப்பியது. நரி கொஞ்சமும் பதறவில்லை.

"உச்சி வெயில்ல கூட்டம் போட்டு முறைப்படி கேட்டேன், மகாராஜா. இவரு தலையாட்டினதைக் காடே பார்த்துச்சு. வேணும்னா இப்பவே மறுபடி கேட்டுப் பாருங்க!"

சொல்லிவிட்டு நரி தனக்குள் சிரித்துக்கொண்டது. ஓணானால் தலையை ஆட்டாமல் இருக்க முடியுமா? பிறவிக் குணம் அல்லவா!

புலி ஓணானைப் பார்த்தது. "முள்வேலியை எடுக்கறதுல உனக்குச் சம்மதமா?"

ஓணான் நாலு காலாலும் தரையை இறுகப் பற்றிக்கொண்டது. கழுத்து சிவந்தது. வால் நடுங்கியது. குழியின்மேல் படுத்திருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டது. தலை மட்டும் அசையவில்லை.

"நேத்து நான் என்ன ஏதுன்னே கேக்கல, மகாராஜா. உசந்த கல்லுல உக்காந்த மயக்கத்துல ஆட்டிட்டேன். முயலுங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடதுதான். எனக்குச் சம்மதம் இல்ல!"

ஓணான் தலையசைக்காமல் பேசி நரி அன்றுதான் பார்த்தது. அதன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உச்சி வெயில்ல கூட்டம் போட்டா முயல் எப்படிடா வரும்?" என்று உறுமியது புலி. "வேலை நிக்கட்டும்! சாய்ச்ச இடத்துல நீயே முள்ளு நட்டுத் தண்ணி ஊத்து. அது வளர்ற வரைக்கும் முயலுங்களுக்குக் காவலும் நீதான். ஒரு முயல் குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்!"

முட்டைகள் தப்பின. ஆனால் சாய்ந்த புதர்கள் சாய்ந்தவைதான். காரைச்செடி நட்டதும் வளர்ந்துவிடுமா? வீடிழந்த முயல்கள் ரொம்ப நாள் ஓணானோடு பேசவில்லை. அதில் நியாயமும் இருந்தது.

ஒரு மழைக்குப் பிறகு, மண்ணைத் தள்ளிக்கொண்டு ஓணான் குஞ்சுகள் வெளியே வந்தன. எதிரே நரி முள்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாகக் குஞ்சுகள் எல்லாம் அதைப் பார்த்துத் தலையை ஆட்டின.

"அது உங்க கிட்ட என்ன கேட்டுச்சு?" என்று அதட்டியது அப்பா ஓணான்.

"இன்னும் எதுவும் கேக்கலியே, அப்பா!"

"அப்போ தலையை அடக்குங்க! முதல்ல காது, அப்புறந்தான் தலை!"

என்னவென்று கேட்காமல் ஆட்டுகிற தலை சொந்த வீட்டுக்கே உலை வைக்கும்.