வறட்டுமலையில் ஓர் ஏரி

ஓணான்பட்டி ஜமீனுக்கு வடக்கே வறட்டுமலை. மலை என்றதும் மரம், செடி, அருவி என்று நினைத்துவிடாதீர்கள். மணல், பாறை, வெயில், மறுபடியும் மணல். அதற்கு வழி காட்டும் நிலப்படம் வரைந்து வர ஜமீன்தார் தேடித்தேடிப் பிடித்த மகா மேதைகள் மூவர்: தலைவர் திருமேனி, கயிறு பிடித்து அளக்கும் கூத்தப்பன், மை கலக்கும் சடையாண்டி.

"கண்ணை நம்பாதீங்கடா, படத்தை நம்புங்க! அமாவாசைக்குள்ள படம் வரலைன்னா, திருமேனி, உன் மீசையை மழிச்சுக் கழுதைமேல ஏத்திடுவேன்" என்றார் ஜமீன்தார்.

திருமேனிக்கு உலகத்திலேயே பிடித்தது அந்த மீசைதான். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் அதற்கு அப்புறம். பாவம், ஒரு பாறை விடாமல் எண்ணி, படத்தை அழகாகவே முடித்துவிட்டார்.

அமாவாசையன்று காலை, மலையிலிருந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் சடையாண்டி தும்மினான். நீல மை படத்தின் நடுவில் கொட்டிப் பரவியது.

கூத்தப்பன் எட்டிப் பார்த்தான். "ஐயோ அண்ணே! ஊருக்குப் போற வழியில இவ்வளவு பெரிய ஏரியா?"

"வரும்போது மணலாத்தானேடா இருந்துச்சு?"

"கண்ணை நம்பக் கூடாதுண்ணே."

அதுவும் சரிதான். நடந்து நடந்து, படத்தின்படி ஏரிக்கரை வந்ததும் மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. திருமேனி மீசையைத் தடவித் தடவி அழுதார்.

அப்போது ஆடு மேய்க்கும் பேச்சி, நாற்பது ஆடுகளோடு ஏரியின் நட்டநடுவில் விறுவிறுவென்று நடந்து போனாள்.

"அடியம்மா, மூழ்கப் போறே!" என்று கத்தினார்கள்.

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

"அவ எப்படிண்ணே மூழ்கல?" என்றான் சடையாண்டி.

திருமேனி வெகுநேரம் யோசித்தார். "அவ கையில படம் இல்லடா. ஏரி இருக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

இந்த மூளைக்குத்தான் ஜமீன் சம்பளம் கொடுத்தது.

படத்தைச் சுருட்டி, மேலே கல் வைத்து, கரையிலேயே பத்திரமாக விட்டார்கள். கால்கூட நனையாமல் நடந்து, பொழுது சாயுமுன் அரண்மனை வந்து சேர்ந்தார்கள்.

"படம் எங்கேடா?"

"ஏரிக்கு அந்தக் கரையில இருக்குங்க எஜமான். கையோட கொண்டு வந்தா மூழ்கிடுவோமே!" என்றார் திருமேனி.

ஜமீன்தாருக்கு வந்ததே கோபம்! நாவிதரைக் கூப்பிட்டார். ஒரு பக்க மீசை போனது. திருமேனி குய்யோ முறையோ என்று அலறினார். திடீரென்று ஜமீன்தார் கையை உயர்த்தினார்.

"நிறுத்து! அறிவு கெட்டவனுங்களா, ஏரின்னு தெரிஞ்சும் இப்படியா வெறுங்கையோட வருவீங்க? கோயில் தெப்பத்தை எடுத்துட்டுப் போங்கடா! படம் வந்தா மீதி மீசை உனக்கு."

பன்னிரண்டு பேர் தெப்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். பாதி மீசையோடு திருமேனி அதன்மேல் உட்கார்ந்து, உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.