பிளாந்தினாவின் வசனம்

"மதர், விண்ணரசியை நாடகத்துலேர்ந்து எடுத்துடட்டுமா?"

மடத்துக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மதர் எமரென்சியா திரும்பிப் பார்த்தார்.

கேட்டவள் பிலோமி. துறவு மடத்தில் சேர்ந்து பயிற்சியில் இருப்பவள். துறவியாக வாழ்வேன் என்ற வார்த்தைப்பாட்டை இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு அவள் பொறுப்பு.

"என்ன செஞ்சா?"

"எல்லார் முன்னாலயும் 'பொய்'னு கத்திட்டா."

ஜூன் இரண்டாம் தேதி புனித பிளாந்தினாவின் திருநாள். அன்று கோயிலில் பிள்ளைகளின் நாடகம். பிள்ளைகள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. பிலோமிதான் கதை சொன்னாள்.

ரோமையர் ஆண்ட காலம். லியோன் நகரத்தில் ஓர் அடிமைப் பெண். நோஞ்சான் உடம்பு. இவள் தாங்கமாட்டாள், விசுவாசத்தை மறுத்துவிடுவாள் என்று அவளுடைய எசமானியே பயந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆள் மாற்றி ஆள் வதைத்தார்கள். களைத்துப்போனது வதைத்தவர்கள்தான். அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் கிறிஸ்தவள். எங்களிடம் தீயது எதுவும் நடப்பதில்லை."

கதை முடிந்ததும் கீழத்தெரு விண்ணரசி கையைத் தூக்கினாள்.

"சிஸ்டர், நாடகத்துல நான் பிளாந்தினாவா நிக்கிறேன்."

அன்று சாயங்காலமே மேலத்தெரு ராயப்பன் வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர். அவரைக் கேட்காமல் கோயிலில் எதுவும் நடக்காது.

"கீழத்தெருப் பிள்ளை பீடத்துப் படியில புனிதையா நிக்கும், எங்க பிள்ளைங்க கீழ முட்டி போடணுமா? நல்லாருக்கே."

வேடம் அவர் மகள் ரோஸ்லினுக்குப் போனது. விண்ணரசி கூட்டத்தில் கடைசி வரிசைக்குப் போனாள்.

நேற்று ஒத்திகை. ரோஸ்லின் படியில் நின்று கணீரென்று சொன்னாள்:

"எங்களிடம் தீயது எதுவும் நடப்பதில்லை."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"பொய்!"

பிலோமி சொல்லி முடித்தாள். "அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேக்கணும்னு ராயப்பன் நிக்கிறார், மதர். இல்லாட்டி ஆயர்கிட்டப் போவாராம். நான் வார்த்தைப்பாடு குடுக்கிறதை நிறுத்திடுவாராம்."

"செய்வார்" என்றார் மதர். வாளியைக் கவிழ்த்து வைத்தார். "வா."

இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் மேலத்தெருக்காரர்களின் பளிங்குச் சிலுவைகள். அந்தப் பக்கம் கீழத்தெருவின் மண்மேடுகள். இரண்டுக்கும் தனித்தனி வாசல். வந்த புதிதில் பிலோமி அந்தச் சுவரைப் பார்த்துத் திடுக்கிட்டதுண்டு. பிறகு பழகிவிட்டது.

"இங்க நின்னு அந்த வசனத்தைச் சொல்லு."

"நான் கிறிஸ்தவள்."

"ம்."

"எங்களிடம்..."

ஓர் ஓணான் சுவரில் ஏறியது. உச்சியில் நின்று தலையை ஆட்டியது. அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"எங்களிடம் தீயது..."

அதற்கு மேல் வரவில்லை.

"சத்தமா வேணாம். மெதுவாச் சொன்னாலும் போதும்" என்றார் மதர்.

பிலோமிக்குக் கோபம் வந்தது.

"நீங்க சொல்லுங்க மதர், பாப்போம்."

"இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து முயற்சி பண்றேன்" என்றார் மதர்.

திரும்பி வந்தபோது மடத்து வாசலில் கூட்டம். நடுவில் ராயப்பன். பக்கத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின். எதிரே விண்ணரசி. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா ஆரோக்கியம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"கேட்டுருடி" என்றாள் ஆரோக்கியம். "ஒரு வார்த்தைதானே. கேட்டுட்டா முடிஞ்சிரும்."

"மாட்டேன்."

"விண்ணு..."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? தாத்தாவை எங்க பொதச்சோம்? நீயே சொல்லும்மா."

ஆரோக்கியம் பதறிப்போய்க் கையை ஓங்கினாள். ஓங்கிய கையைப் பிலோமி பிடித்தாள். விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மதர், வாயை?" ராயப்பனின் முகம் சிவந்தது. "இத்தனை வருஷத்துல ஒருத்தர் இப்படிப் பேசினதில்ல. யாரு சொல்லிக்குடுத்தா இவளுக்கு?"

மதர் பிலோமியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் பிலோமி.

ராயப்பன் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை வகுப்புல சொல்லிக்குடுத்தேன். உங்க ரோஸ்லினுக்கும் சேத்துத்தான்."