இரண்டு ஊர் வெட்டிய பள்ளம்

மணலே மண்ணாகக் கிடந்த ஒரு நாடு முன்பு இருந்தது, கேளுங்கள். அங்கே ஒரு மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் மேலூற்று, அந்தப் பக்கம் கீழூற்று என்று இரண்டு சிற்றூர்கள். இரண்டும் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கம்பு விளைவித்துப் பிழைத்தன. ஏதோ ஒரு தண்ணீர்ச் சண்டையில் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலூற்றில் மாசாத்தி என்று ஒருத்தி. புருஷன் இல்லை. ஊருக்கு மேற்கே, கடைசியில், ஒரு துண்டு வயல் மட்டும் உண்டு.

ஒரு வருஷம் கதிர் பால் பிடிக்கும் நேரம். மேற்கே மணல் நகர்வதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தால், வெட்டுக்கிளிக் குஞ்சுகள்! இறக்கை முளைக்காதவை, கோடி கோடியாய்த் தத்தித் தத்தி வந்தன. வந்த வழியில் புல் இல்லை, இலை இல்லை, செடியில் பட்டைகூட இல்லை.

ஊர்த்தலைவர் காரியான் கத்தினார்: "முள்ளை வெட்டிக் குறுக்கே போடுங்கள்! கூட்டம் கீழூற்றுப் பக்கம் திரும்பிவிடும்."

எல்லாரும் ஓடினார்கள். மாசாத்திக்குக் கை எழவில்லை. போன கோடையில் சந்தைக்குப் போகும் வழியில் அவள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். கீழூற்று நன்னிதான் தன் குடத்தின் அடியில் கிடந்த தண்ணீரை அவள் வாயில் ஊற்றினாள். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணே, அங்கே தின்று கொழுத்து இறக்கை முளைத்தால் திரும்ப இங்கேதானே பறந்து வரும்?" என்று காரியானிடம் கேட்டாள் மாசாத்தி.

"அதற்குள் அறுத்துவிடலாம். போய் முள்ளை எடு."

மாசாத்தி முள்ளை எடுக்கவில்லை. மேட்டில் ஏறி ஓடினாள்.

கீழூற்றில் அவளை வரவேற்க ஆளில்லை. "எதற்கு வந்தாய்?" என்றார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். முள் வேலியையும் மறைக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை. நன்னி மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக ஊரே கிளம்பியது.

முள்கட்டோடு நின்ற காரியானிடம் நன்னி கேட்டாள்: "அண்ணே, குஞ்சுகளைத் தள்ளி மூடப் பள்ளத்தை எங்கே வெட்டட்டும்?"

அவர் முள்ளைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

வயல்களுக்கு முன்னால் நீளப் பள்ளம் வெட்டினார்கள். இருபுறமும் நின்று தட்டைத் தட்டி, சட்டியைத் தட்டி, கூச்சல் போட்டு, குஞ்சுகளை அதற்குள் விரட்டி மணலைத் தள்ளி மூடினார்கள். பள்ளம் மூன்று முறை நிரம்பியது. மூன்று முறையும் புதிதாக வெட்டினார்கள். பொழுது சாயும்போது மணல் நகரவில்லை.

இரண்டு ஊர்க் கம்பும் பிழைத்தது. பள்ளம் வெட்டி முடிப்பதற்குள் மேற்கு ஓரத்து வயல் மட்டும் மொட்டையாகிவிட்டது. அது மாசாத்தியின் வயல்.

அறுவடை வந்தது. களம் அடித்த கையோடு மேலூற்றார் வந்தார்கள், கீழூற்றாரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் புதுக் கம்பில் முதல் கூடையை அவள் வாசலில் கொட்டினார்கள். காரியான் இரண்டு கூடை கொட்டினார். குவியல் அவள் இடுப்புக்கு உயர்ந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள் மாசாத்தி. கண்ணீர்தான் வந்தது.

"அழாதே, உலையை வை," என்றாள் நன்னி. "இரண்டு ஊருக்கும் பசிக்கிறது."

தனக்கு வந்த கேட்டை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடாமல் அவரோடு சேர்ந்து நின்று எதிர்ப்பவரே தானும் பிழைத்துப் பிறரையும் வாழவைப்பார்.