நூற்று முப்பதாம் பக்கம்

எதையும் எண்ணிக்கையில் பார்த்தே நம்புகிற ஓர் இயக்குநர் சென்னையில் இருந்தார். அவர் நடத்தியது ஒரு கொள்கை ஆய்வு நிறுவனம். அதன் ஆய்வுகளால் என்ன தாக்கம் என்று அளக்க ஒரு குழு வந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே நூலக உதவியாளர் பூரணியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, என் நீர்க்கொள்கை நூலை முந்நூறு கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்க. உங்க நூலகத்தால என்ன தாக்கம்? இப்பவே காட்டுங்க. இல்லேன்னா மூடிட்டு மீட்டிங் ஹாலா மாத்திடலாம்.”

பூரணி போய் அந்த நூலையே எடுத்து வந்தாள்.

“அந்த முந்நூறையும் பட்டியல் போட்டது நான்தான் சார். பாதிப் பேர் நூற்று முப்பதாம் பக்கத்தைத்தான் காட்டுறாங்க. கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தார். நூற்று இருபத்தெட்டுக்கு அடுத்து நூற்று நாற்பத்தைந்து வந்தது.

“பைண்டிங்ல பதினாறு பக்கம் விட்டுப்போச்சு, எல்லாப் பிரதியிலும். ஆறு வருஷமா ஒருத்தரும் கேட்கலை.”

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ எதைப் பார்த்து எழுதினாங்க?”

“ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், மேடம். அந்தப் பக்கத்தை முதல்ல மேற்கோள் காட்டினவர் மட்டும்...” பூரணி நிறுத்திக்கொண்டாள்.

“அது நான்தான்,” என்றார் இயக்குநர். “அச்சுக்கு முந்தின ப்ரூஃபைப் பார்த்து அந்தக் கட்டுரையை எழுதினேன். அச்சான நூலை நானும் திறக்கலை.”

மறுநாள் நூலகப் பதிவேட்டில் முதல் கையெழுத்து அவருடையது.

“அந்தப் ப்ரூஃப் இங்கே இருக்குமா?”

“இருக்கு சார். உட்கார்ந்து படிங்க. வெளியே தர்றதில்லை.”