பாகன் பொண்டாட்டிக்குப் பொறுப்பு ஏத்தவரு

சட்டம் போடுறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. போட்ட சட்டத்துல அவங்க மாட்டவே மாட்டாங்க. இளமருதூர் ராசாவும் அப்படி ஒரு சட்டம் போட்டாரு. வெளிநாட்டுல பொண்ணு கட்டுனவன் அவளைக் கோட்டைக்குள்ள கூட்டிட்டு வரணும்னா, வருசத்துக்கு இருநூறு வராகன் வருமானம் காட்டணும். இல்லாட்டி, அதே கூரைக்குக் கீழ இருக்குற வசதியான ஒருத்தர், “இந்தப் பொண்ணு சோத்துக்கு நான் பொறுப்பு”ன்னு ஓலை எழுதித் தரணும். வர்றவ சத்திரத்துச் சோத்துல கை வெச்சிடக் கூடாதாம்.

யோசனை சொன்னது வாசல் அதிகாரி சிதம்பரேசன். மூணு வருசமா ஒரு ஓலைக்கும் முத்திரை குத்தாத மனுசன். முத்திரை இன்னும் புதுசாவே இருக்குன்னு அவருக்குப் பெருமை.

அரண்மனை யானைப் பாகன் மாசிலனுக்குச் சம்பளம் நாப்பது வராகன். ஆத்துக்கு அக்கரை வேற நாடு. அங்கதான் பொண்ணு கட்டியிருந்தான். பேரு பொன்னுருவி. எட்டு மாசமா அக்கரைச் சாவடியில காத்துக் கெடந்தா. தெனம் காலையில அவன் இந்தக் கரைக்குத் தண்ணி எடுக்க வருவான், அவ அந்தக் கரைக்கு வருவா. குடும்பம் நடந்தது அப்படித்தான்.

“யோவ், சாப்டியா?”

“சாப்டேன்!”

“என்ன சாப்ட?”

“கஞ்சி!”

“நேத்து ரசம்னு சொன்ன! எவ வெச்சுக் குடுத்தா, உண்மையச் சொல்லு!”

நடுவுல படகோட்டிங்க தலையக் குனிஞ்சுட்டுப் போவாங்க. ‘கல்யாணம் நெசந்தானா’ன்னு அதிகாரி அத்தாட்சி கேட்டப்போ ஆத்தங்கரைத் தெருவே திரண்டு வந்து சாட்சி சொல்லுச்சு.

வருமானத்துக்குத்தான் வழியில்ல. சாவடியில தங்குற சீட்டு அமாவாசையோட முடியுது. அதுக்குள்ள முத்திரை விழலன்னா பொன்னுருவி ஊருக்குத் திரும்பணும். மறுபடி கேக்க மூணு வருசம் ஆகும்.

மாசிலன் கூத்தபிரான்கிட்ட ஓடுனான். ராசாவுக்குப் பேச்சுத் துணையா சபையில இருந்தவரு அவரு. ரெண்டே கேள்வி கேட்டாரு. எங்க குடியிருக்க, கூட யாரு இருக்கா. பதிலைக் கேட்டுட்டு, “போயி நிம்மதியாத் தூங்குடா”ன்னாரு.

மறுநாள் சபையில ராசா முந்திக்கிட்டாரு.

“ஓய் கூத்தபிரான், பாகனுக்காக வந்திருக்கீரா? சட்டத்துல ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

“மாத்தவே வேணாம் மகாராசா. நல்ல சட்டம். நான் பொறுப்பாளியோட ஓலையைக் கொண்டாந்திருக்கேன்.”

சிதம்பரேசன் ஓலையை வெடுக்குன்னு பிடுங்குனாரு.

“பேரு பட்டாபிராமன். யாரு இது?”

“மாசிலன் கூட ஒரே கூரைக்குக் கீழ பதினஞ்சு வருசமா இருக்காரு.”

“வருமானம்?”

“அம்பது காணி நஞ்சை. பெரிய மகாராசா செப்பேடு போட்டுக் குடுத்தது. போர்ல அவரு உசுரக் காப்பாத்துனதுக்கு.”

கூத்தபிரான் நீட்டுன செப்பேட்டைப் பாத்ததும் அதிகாரி நிமிந்து உக்காந்தாரு. வருசத்துக்கு நானூறு வராகன் தேறும்.

“வரி?”

“ஒழுங்காக் கட்டுறாரு. இந்தாங்க சீட்டு. பட்டாபிராமன், தகப்பன் பேர் தெரியாது. கீழ உங்க கையெழுத்துதான்.”

“ஆமா, என்னுதுதான். குணம் எப்படி?”

“மாமிசம் தொடமாட்டாரு. திருவிழான்னா முதல் ஆளா நிப்பாரு. வருசத்துக்கு ஒரு தடவதான் கோவம் வரும்.”

“பெரிய மனுசங்களுக்கு அதுகூட இல்லாட்டி எப்படி?”ன்னாரு அதிகாரி. ராசாவுக்கு மட்டும் அந்தப் பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நெத்தியச் சொறிஞ்சாரு.

கூத்தபிரான் முத்திரையை எடுத்து நீட்டுனாரு. குத்துனா அது சிதம்பரேசன் இல்லையே.

“பொறுங்க! யாரோ மிரட்டி ஒத்துக்க வெச்சிருந்தா? பொறுப்பாளியை நான் தனியா, கதவைச் சாத்திட்டு, நேருக்கு நேரா விசாரிப்பேன். அதுக்கப்புறந்தான் முத்திரை.”

“ஆகா!”ன்னாரு ராசா. “இதுவும் சட்டம். இன்னைலருந்து விசாரிக்காம முத்திரை கெடையாது.”

“அதுவும் நல்லதுதான்”னு கூத்தபிரான் தலையாட்டுனாரு. “ஆனா அவரால இப்ப வெளிய வர முடியாது. நாமதான் போகணும்.”

ராசா, அதிகாரி, சபை மொத்தமும் கெளம்புச்சு. கூத்தபிரான் முன்னால போயி, மாசிலன் குடியிருக்குற யானைக் கொட்டிலுக்கு முன்ன நின்னாரு. உள்ள நாலு காலுலயும் சங்கிலியோட ஒரு மலை ஆடிக்கிட்டு இருந்துச்சு. கன்னத்துல மதநீர் வழியுது. ஊரே கொம்பன்னு கூப்புடுற பட்டத்து யானை. செப்பேட்டுல வெச்ச பேரு பட்டாபிராமன்.

“இது யானை!”ன்னு கத்துனாரு சிதம்பரேசன்.

“யானை கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?”

“பொறுப்பாளின்னா மனுசன்தான்யா!”

“வரி வாங்குன அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லலையே.”

அதிகாரி ராசாவைப் பாத்தாரு. ராசா வரிச்சீட்டைப் பாத்தாரு.

“கையெழுத்து உம்மோடதுதானே?”

“மகாராசா...”

“அப்ப விசாரியும்.”

மாசிலன் கொட்டில் கதவைத் தொறந்து மரியாதையா ஒதுங்கி நின்னான். “போங்கய்யா. உள்ள போனதும் நானே சாத்திடறேன்.”

கொம்பன் ஒரு பிளிறு பிளிறுச்சு. கூரையிலருந்து ஓலை உதுந்துச்சு.

சிதம்பரேசன் வாசப்படியில நின்னபடியே முத்திரையைக் குத்துனாரு. அவசரத்துல ரெண்டு தடவ குத்திட்டாரு.

“விசாரிக்கவே இல்லையே?”ன்னாரு ராசா.

“விசாரிச்சாச்சு மகாராசா. முழு சம்மதம். குரல்லயே தெரிஞ்சுது.”

ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கழுத்து மாலையக் கழட்டிக் கூத்தபிரானுக்குப் போட்டாரு. “பொறுப்பாளிக்கு என்னய்யா மரியாதை பண்றது?”

“பத்துக் கட்டு கரும்பு போதும் மகாராசா. முத்திரை குத்துன கையாலயே ஊட்டுனா இன்னும் விசேசம்.”

“அப்படியே ஆகட்டும். எங்கய்யா அதிகாரி?”

ஆளக் காணோம். தேடிப் போனவன் மூச்சு வாங்க ஓடியாந்தான்.

“மகாராசா, அவரு ஆத்தங்கரையில படகுல ஏறிட்டாரு. பொன்னுருவி அம்மாவைத் தானே நேர்ல போயிக் கூட்டிட்டு வர்றாராம். துடுப்புகூட அவரேதான் போடுறாரு!”