துண்டு ஆறு போதும், அரசே!

வானவேள் மன்னருக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பாலியாற்றில் பாலம் கட்ட நினைத்தபோதும், "முதலில் சின்னதாக ஓர் ஆறு செய்யுங்கள். அதில் வெள்ளம் விட்டு, தூண்கள் நிற்குமா என்று காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அமைச்சர் அமுதரையருக்குச் சின்னதாக எதையும் செய்யத் தெரியாது. "மலையில் தொடங்கிக் கடல்வரை முழு ஆற்றையும் செய்வோம், அரசே. இடத்துக்கு நெசவாளர் தெருவை இடித்துவிடலாம்" என்றார். சபை மொத்தமும் தலையாட்டியது. செலவு கூடினால் வேலையும் உசத்தி என்பது அவர்கள் கணக்கு.

சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன சேந்தன் மட்டும் தலையாட்டவில்லை. அவன் மாமனார் வீடு அந்தத் தெருவில்தான். தெரு போனால் மாமனார், மச்சினன்மார், பாவு நூல் ஏற்றிய தறிகள் எல்லாம் அவன் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரும். மற்ற நெசவாளர்களுக்கு அந்தக் கூடமும் கிடையாது. அதை நினைத்ததும் அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அரசே, பாலம் நிற்கப்போகும் துண்டு ஆறு மட்டும் போதும். அரண்மனைத் தோட்டத்து மூலையிலேயே செய்துவிடலாம்."

அமுதரையர் சிரித்தார். "மலை இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வரும்?"

"துண்டின் மேல்முனைக்கு வெள்ளம் எவ்வளவு, என்ன வேகத்தில் வருமோ, அப்படியே ஊற்றினால் போதும், ஐயா."

"ஆற்றின் பூர்வீகமே தெரியாமல் வெள்ளமா? நல்ல கூத்து!"

மன்னர் குழம்பிப்போனார். "நாளை முடிவு சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் அமுதரையர் அரண்மனைக்கு வந்தபோது காவலன் வேலை நீட்டி மறித்தான்.

"ஐயா எங்கிருந்து வருகிறீர்கள்?"

"வீட்டிலிருந்துதான்!"

"வீட்டுக்கு எங்கிருந்து வந்தீர்கள்?"

"மாமியார் ஊரிலிருந்து. வழியை விடு!"

"அதற்கு முன்னால்? உங்கள் பாட்டனார் எந்த ஊர்?"

அமுதரையர் போட்ட கூச்சலில் மன்னரே வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே சேந்தனும் ஒன்றும் தெரியாதவன்போல வந்தான்.

"பாருங்கள் அரசே! வாசலில் நிற்பவன், வருவது யார், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதாதா? என் பாட்டன் கதை இவனுக்கு எதற்கு?" என்றார் அமுதரையர்.

"அரசே, ஆற்றுக்கும் நான் அதைத்தான் சொன்னேன்" என்றான் சேந்தன். "காவலனைக் கேட்கச் சொன்னதும் நான்தான். மன்னிக்க வேண்டும்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "துண்டு ஆறே போதும். தெருவில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது!" என்று முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார்.

அமுதரையருக்கு முகம் சிவந்தது. "கடல் இல்லாமல் கீழ்முனையில் தண்ணீர் எங்கே போகுமாம்?" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

காவலன் மறுபடியும் வேலை நீட்டினான். "எங்கே போகிறீர்கள், ஐயா? அங்கிருந்து எங்கே?"

அவ்வளவுதான். அமுதரையர் அதே வேகத்தில் திரும்பி வந்து மன்னர் முன்னாலேயே தாம்தூம் என்று குதிக்கத் தொடங்கினார்.

"அட, போகிறவரை மறிக்காதேப்பா!" என்றான் சேந்தன். "அரசே, கீழ்முனைக்கு வழி இதுதான். எங்கே போகிறது என்று கேட்காமல் திறந்து விட்டுவிட வேண்டும். மறித்தால், திரும்பி வந்து இங்கேதான் கொந்தளிக்கும்!"