மூன்று உலக்கையும் மரவட்டையின் கும்பிடும்

அந்தக் காலத்தில், ஊர்வதும் பறப்பதும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், ஒரு காட்டாற்றங்கரை அத்திமரத்தின் வேருக்கடியில் மரவட்டைத் தாய் ஒன்று குடியிருந்தது. அதற்கு ஒன்பது பிள்ளைகள். சாமி கால்களை அள்ளிக் கொடுத்திருந்தாரே தவிர, நடக்கும் வழியைச் சொல்ல மறந்துவிட்டார். எல்லாக் காலும் நான்தான் முதலில் என்று கிளம்பும். ஒரு சாண் போவதற்குள் காலோடு கால் பின்னி, பிள்ளைகள் குப்புற விழும். தாய் மட்டும் எப்படியோ விழுந்து எழுந்து போய்வரும்.

ஒருநாள் மலைப்பக்கம் வானம் கருத்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறின. அதில் ஒன்று நின்று, "பொழுது சாயறதுக்குள்ள இந்த வேர் தண்ணிக்குள்ள போயிரும். இத்தனை காலை வெச்சுக்கிட்டு இன்னுமா உக்காந்திருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனது.

தாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மேட்டுப்பாறை அதோ தெரிகிறது. பிள்ளைகள் போய்ச்சேர வேண்டுமே. எல்லாக் காலையும் ஒன்றாகத் தூக்குங்கள் என்று சொல்லிப் பார்த்தது. ஒன்பதும் வயிறு தரையில் அடிபடத் தொப்பென்று விழுந்தன. அதில் அவற்றுக்குச் சிரிப்பு வேறு.

அந்தப் பாறையில் குடைந்த உரலில் ஒரே வீட்டு மருமகள்கள் மூன்று பேர் தினை குத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஒச்சம்மாள், அடுத்தவள் சடைச்சி, கல்யாணமாகிப் பத்தே நாளான பூரணம். உரல் ஒன்று, உலக்கை மூன்று. ஒன்றோடொன்று இடிக்கவேயில்லை. தாய் தட்டுத்தடுமாறி ஏறிப்போய், அது எப்படி என்று கேட்டது.

சடைச்சி முந்திக்கொண்டாள். "இடிக்காமலா? இவ வந்த அன்னைக்கு என் மண்டை தப்புனதே பெருசு."

பூரணம் குனிந்து வாய்க்குள்ளேயே சிரித்தாள்.

ஒச்சம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "தன் உலக்கையவே பாத்துக்கிட்டிருக்கக் கூடாது தாயி. முன்னால இருக்கறவ தூக்குனதும் நாம தூக்கணும். இவளுக்கு அப்புறம் அவ, அவளுக்கு அப்புறம் நான். முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து. அவ்வளவுதான்."

தாய் திரும்பி வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியது. முதலில் நடக்கச் சொல்லவில்லை, உலக்கைச் சத்தத்தைக் கேட்கத்தான் சொன்னது. தொம், தக், ணங். தொம், தக், ணங்.

"ணங் முடிஞ்சா அடுத்து என்ன?"

ஒன்பதும், "தொம்" என்றன.

பிறகு தொம்முக்குத் தூக்கு, தக்குக்கு நீட்டு, ணங்குக்கு ஊன்று என்று காட்டியது. ஒவ்வொரு காலும் தனக்கு முன்காலைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

கடைக்குட்டிக்கு ஒரு சந்தேகம். "முதல் கால் யாரைப் பாக்கும்?"

"அது உரல் சத்தத்தைக் கேக்கும்."

ஒன்பதும் நடந்தன. கால்கள் அலை அலையாக எழுந்து விழுந்தன. பாதிவழி போயிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் அவசரமாகத் தினையை அள்ளிக் கூடையில் போட்டு மூடினார்கள். உரல் ஓய்ந்தது. சத்தம் நின்றதும் கால்கள் மறுபடி பின்னிக்கொண்டன. பின்னாலேயே தண்ணீர் ஏறி வந்தது.

தாய் பாறையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்து உலக்கையை எடுத்தாள்.

"வெத்து உரலக் குத்துனா உலக்கையோட இரும்புப் பூண் தெறிச்சிரும்க்கா" என்றாள் சடைச்சி.

"தெறிச்சா தெறிக்கட்டும். ஒம்பது பிள்ளைடி."

கொட்டும் மழையில் மூன்று பேரும் வெறும் உரலைக் குத்தினார்கள். தொம், தக், ணங். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் பாறை ஏறின. கடைக்குட்டி ஏறியபோது சடைச்சியின் உலக்கைப் பூண் நிஜமாகவே தெறித்து ஆற்றில் விழுந்தது. அத்திவேரும் அதற்குள் தண்ணீருக்கடியில் போயிருந்தது.

தாய்க்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. முன்கால்களைத் தூக்கிப் பார்த்தது, வரிசை குலைந்தது. அதனால் தலையைக் குனிந்தது. குனிந்தது போதவில்லை என்று தோன்ற, இன்னும் குனிந்து, தலை வாலைத் தொடும்வரை உடம்பையே சுருட்டியது. பிள்ளைகளும் அப்படியே சுருண்டன.

"போதும் தாயி, எந்திரி" என்று ஒச்சம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். பூண் போன உலக்கையோடு சடைச்சி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். கடைசியாகக் கிளம்பிய பூரணத்தின் கால்விரல் கடைக்குட்டிமேல் லேசாகப் பட்டது. அப்போதுதான் எழுந்திருந்த அது, மறுபடி சுருண்டது.

அன்று முதல்தான் மரவட்டை அலை அலையாகக் கால்வைத்து நடக்கிறது. யார் தொட்டாலும், அந்த மூன்று பேரில் ஒருத்தி என்று நினைத்துச் சுருண்டு கும்பிடுகிறது. பயத்தில் சுருள்கிறது என்பார்கள். அன்றைக்குப் பூரணம் அப்படி நினைக்கவில்லை. கடைக்குட்டி எழுந்திருக்கும்வரை மழையில் நின்றிருந்துவிட்டு, காலை ஒதுக்கி வைத்து நடந்து போனாள்.